சிபியு பின்னால் செருகாதீர்கள்: டிபி-லிங்க் ஆர்ச்சர் டி2யூ பிளஸ் வைஃபை டாங்கிள்

ஹாலில் ரவுட்டர், உள்ளறையில் டெஸ்க்டாப். நடுவே சுவரைத் துளைத்து லேன் கேபிள் இழுக்க வீட்டு ஓனர் சம்மதிக்க மாட்டார். இந்த நிலையில் இருப்பவர்கள் பலரும் கடைசியில் வந்து நிற்பது இந்த டாங்கிளிடம்தான். விலை ஆயிரம் ரூபாயை ஒட்டி ஏறி இறங்கும். 100 அல்லது 150 எம்பிபிஎஸ் பிளான் போட்ட வீட்டுக்கு இது தாராளமாகப் போதும். ஆனால் இதோடு சேர்த்து ஒரு மீட்டர் யூஎஸ்பி எக்ஸ்டென்ஷன் கேபிளும் வாங்கிவிடுங்கள். பெட்டிக்குள் அது வராது. "சிக்னலே இல்லை", "அடிக்கடி கட் ஆகிறது" என்று இந்த மாதிரி டாங்கிள்களைத் திட்டுபவர்களில் பெரும்பாலோர் அதைச் செருகிய இடம்தான் தப்பு.

காசு கொடுப்பதற்கு முன் சிபியு பெட்டியைத் திருப்பிப் பின்பக்கம் பாருங்கள். யூஎஸ்பி, ஆடியோ ஓட்டைகளுக்கு நடுவே தங்க நிறத்தில், மரை போட்ட இரண்டு சின்ன உருளைகள் நீட்டிக்கொண்டிருந்தால் உங்கள் மதர்போர்டிலேயே வைஃபை இருக்கிறது. அதில் முறுக்க வேண்டிய ஆண்டெனா இரண்டும் மதர்போர்டு வந்த அட்டைப்பெட்டிக்குள் பிரிக்காமலே கிடக்கும். அசெம்பிள் செய்தவர் மாட்ட மறந்திருப்பார். ஆண்டெனா இல்லாமலும் அது பக்கத்து ரவுட்டரைப் பிடிக்கும், ஓர் அறை தள்ளினால் தொங்கிவிடும். பெட்டியைத் தொலைத்திருந்தால் 'ஆர்பி-எஸ்எம்ஏ' என்று கேட்டு ஒரு ஜோடி ஆண்டெனா வாங்கினால் போதும், டாங்கிளே வேண்டாம்.

இனி பொருளுக்கு வருவோம். கட்டை விரல் அளவுக்கு ஒரு கறுப்புப் பெட்டி, அதன் மேல் மடக்கி நிமிர்த்தும் ஒற்றை ஆண்டெனா. எல்லாம் சேர்த்து முக்கால் சாண் உயரம். ஆண்டெனாவின் திறன் அளவு 5 டிபிஐ. இணைப்பு யூஎஸ்பி 2.0. அட்டையில் 'ஏசி600' என்று போட்டிருக்கும். 5 கிகாஹெர்ட்ஸில் 433 எம்பிபிஎஸ், 2.4 கிகாஹெர்ட்ஸில் 200 எம்பிபிஎஸ், இரண்டையும் கூட்டி வரும் 633-ஐக் கீழ்நோக்கி முழு எண்ணாக்கியது அது. ஒரு நேரத்தில் ஒரு பேண்டில்தான் இணைய முடியும் என்பதால் இந்தக் கூட்டலுக்குப் பொருளே இல்லை. எல்லாக் கம்பெனிகளும் இப்படித்தான் கூட்டுகின்றன.

அந்த 200-ஐப் பற்றி ஒரு வார்த்தை. 802.11என் என்ற வைஃபை தரப்படி ஒற்றை ஆண்டெனாவுக்கு 40 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில் கிடைக்கும் உச்சம் 150. அதற்கு மேலே உள்ள 50, தரத்தில் இல்லாத 256-க்யூஏஎம் என்ற நெருக்கமான பண்பேற்றத்தால் வருவது. ரவுட்டரும் அதே வித்தையைத் தெரிந்து வைத்திருந்தால்தான் அது கைக்கு வரும். நெரிசலான தெருவில் ரவுட்டர்கள் 2.4-ல் 20 மெகாஹெர்ட்ஸுக்கு இறங்கிவிடும். அப்போது இணைப்பு வேகம் 72 எம்பிபிஎஸ். 5 கிகாஹெர்ட்ஸிலும் இதே கணக்குதான். ரவுட்டரில் சேனல் அகலம் 80 ஆக இருந்தால் 433, 40 ஆக இருந்தால் 200, 20 என்றால் 86. 433 போட்ட பெட்டியை வாங்கியும் 86 மட்டுமே காட்டுகிறது என்றால் டாங்கிளைக் கழற்றாதீர்கள். ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தைத் திறந்து அகலத்தை மாற்றுங்கள்.

இணைப்பு வேகம் என்பது காற்றில் ஓடும் கச்சா வேகம். டவுன்லோடில் கைக்கு வருவது அதில் ஏறக்குறைய பாதி. ஆகவே ஒரே அறையில் இந்த டாங்கிள் 200-ஐத் தொட்டு நிற்கும், ஒரு செங்கல் சுவர் தாண்டினால் 100 முதல் 150 வரை எதிர்பார்க்கலாம். 300 எம்பிபிஎஸ் பிளானுக்குக் காசு கட்டுபவர்கள் இதை வாங்கி ஏமாற வேண்டாம்.

இப்போது செருகும் இடம். சிபியு என்று நாம் சொல்லும் அந்தத் தகரப் பெட்டி கம்ப்யூட்டர் டேபிளின் கீழ்த்தட்டில், சுவரோடு ஒட்டி, யூபிஎஸ்ஸுக்குப் பக்கத்தில் நிற்கும். பின்பக்க போர்ட்டில் டாங்கிளைச் செருகினால் முன்னால் ஒன்றரை அடி இரும்பு, பின்னால் சுவர், சுற்றிலும் கேபிள் கூட்டம். போதாக்குறைக்கு, பல வீடுகளில் ரவுட்டருக்கும் அந்த மூலைக்கும் நடுவே ஓர் இரும்பு பீரோ நிற்கும். சுவர் அலையைக் குறைக்கும், பீரோ அடைத்தேவிடும். எக்ஸ்டென்ஷன் கேபிளின் ஒரு முனையைப் பின்பக்கத்தில் செருகி, மறுமுனையில் டாங்கிளை மாட்டி மேசைக்கு மேலே, மானிட்டருக்குப் பக்கத்தில் நிறுத்துங்கள். இந்த ஒரு மாற்றமே 45 சதவீத சிக்னலை 75, 80 ஆக்கிவிடக்கூடும். கேபிள் ஒன்று அல்லது ஒன்றரை மீட்டருக்கு மேல் வேண்டாம். மூன்று மீட்டர் மலிவு கேபிளில் செம்பு மெல்லியது. மின்னழுத்தம் இறங்கி, டாங்கிள் திடீரென்று காணாமல் போய்த் திரும்பி வரும். மின்சார இணைப்பு இல்லாத யூஎஸ்பி ஹப்பில், எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்க்கோடு சேர்த்து இதை மாட்டினாலும் அதே கதிதான்.

எந்த போர்ட்டில் செருகுவது என்பதற்கும் காரணம் இருக்கிறது. நீல நிற யூஎஸ்பி 3.0 போர்ட்டுகளும் அவற்றில் மாட்டும் ஹார்டு டிஸ்க்கும் வேலை செய்யும்போது 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் இரைச்சலைக் கக்கும். 2012-லேயே இன்டெல் இதை அளந்து ஓர் ஆவணமாக வெளியிட்டிருக்கிறது. பென்டிரைவில் படம் காப்பி ஆகும் நேரம் மட்டும் நெட் நொண்டுகிறது, முடிந்ததும் சரியாகிவிடுகிறது என்றால் காரணம் இதுதான். வயர்லெஸ் மவுஸும் அதே நேரத்தில் திக்கித் திக்கி நகரும், கவனித்துப் பாருங்கள். டி2யூ பிளஸ் யூஎஸ்பி 2.0 என்பதால் தானாக இந்த இரைச்சலைக் கிளப்பாது. நீல போர்ட்டிலிருந்து தள்ளி, கறுப்பு போர்ட்டில் மாட்டி, 5 கிகாஹெர்ட்ஸில் இணைத்தால் தொல்லை விட்டது.

ஆண்டெனாவைத் துப்பாக்கி மாதிரி ரவுட்டரை நோக்கி நீட்டுபவர்கள் உண்டு. அது தலைகீழ் வேலை. இந்த வகைக் குச்சி ஆண்டெனா தன் பக்கவாட்டில்தான் அலையைப் பரப்பும். நுனியின் திசையில்தான் மிகவும் பலவீனம். ரவுட்டர் அதே மாடியில் இருந்தால் நேராக நிமிர்த்துங்கள். ரவுட்டர் நேர் மேலேயோ கீழேயோ இருந்தால் படுக்க வையுங்கள்.

டிரைவர் விஷயத்தில் ஒரு பொறி உண்டு. விண்டோஸ் டிரைவரைத் தானே தேடிக்கொள்ளும், ஆனால் தேட நெட் வேண்டும், நெட்டுக்கு டிரைவர் வேண்டும். ஆண்ட்ராய்டு போனை வீட்டு வைஃபையில் இணைத்து, சார்ஜர் கேபிளால் கம்ப்யூட்டரில் செருகி, போனில் யூஎஸ்பி டெதரிங்கை ஆன் செய்யுங்கள். போனே தற்காலிக வைஃபை டாங்கிள் ஆகிவிடும், மொபைல் டேட்டா கரையாது. டிரைவரைக் கம்பெனியின் தளத்திலிருந்து இறக்குங்கள். கூகுளில் முதலில் வரும் 'டிரைவர் அப்டேட்டர்' மென்பொருள்களின் பக்கம் போகாதீர்கள். இந்த டாங்கிளே அதே பெயரில் வேறு வேறு வெர்ஷனாக வரும். பெட்டியிலும் டாங்கிளின் வயிற்றிலும் உள்ள ஸ்டிக்கரில் 'வெர்' என்பதற்குப் பின்னால் உள்ள எண்ணைப் பார்த்து அதற்குரிய டிரைவரை எடுக்க வேண்டும். ஏற்கெனவே வேறு டாங்கிள் போட்டிருந்த கம்ப்யூட்டராக இருந்தால், டிவைஸ் மேனேஜரில் வியூ மெனுவைத் திறந்து மறைந்த சாதனங்களைக் காட்டச் சொல்லி, பழைய அடாப்டரை அன்இன்ஸ்டால் செய்யுங்கள். அப்போது வரும் கட்டத்தில் டிரைவரையும் நீக்கும் டிக் உண்டு, அதையும் போடுங்கள்.

மாட்டியாயிற்று. நன்றாகத்தான் மாட்டியிருக்கிறோமா என்று மூலையில் தெரியும் விசிறிக் கோடுகளை வைத்து முடிவு செய்ய முடியாது. கமாண்ட் பிராம்ப்ட்டில் நெட்ஷ், டபிள்யூலேன், ஷோ, இன்டர்ஃபேசஸ் என்ற நான்கு ஆங்கிலச் சொற்களை இடைவெளி விட்டு அடித்தால் சேனல், பெறும் வேகம், அனுப்பும் வேகம், சிக்னல் சதவீதம் எல்லாம் வரும். விண்டோஸ் 11-ன் 24எச்2 பதிப்பில் லொகேஷன் அனுமதி கேட்கும், கொடுத்தால்தான் காட்டும். அந்தச் சதவீதத்தைப் பாதியாக்கி, 100-ஐக் கழித்தால் சிக்னல் வலிமையின் அலகான டிபிஎம்மில் கணக்கு கிடைக்கும். 70 சதவீதம் என்றால் மைனஸ் 65, நல்ல நிலை. 50 என்றால் மைனஸ் 75. வீடியோ ஓடும், வீடியோ கால் அவ்வப்போது உறையும். 40-க்குக் கீழே போனால் டாங்கிளையோ ரவுட்டரையோ நகர்த்தாமல் எந்த செட்டிங்கை மாற்றியும் பலனில்லை.

சிக்னல் நன்றாக இருந்தும் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை துண்டிக்கிறது என்றால், முதலில் சந்தேகப்பட வேண்டியது விண்டோஸின் சிக்கனத்தை. டிவைஸ் மேனேஜரில் அடாப்டரின் பிராப்பர்டீஸ், அதில் பவர் மேனேஜ்மென்ட். மின்சாரம் மிச்சம் பிடிக்க இந்தச் சாதனத்தை அணைக்கலாம் என்று ஒரு டிக் இருக்கும், எடுத்துவிடுங்கள். கன்ட்ரோல் பேனலின் பவர் ஆப்ஷன்ஸில் 'யூஎஸ்பி செலக்டிவ் சஸ்பெண்ட்' என்பதையும் முடக்குங்கள். லேப்டாப்பின் பேட்டரிக்காக வந்த வசதிகள் இவை. சுவரில் பிளக் மாட்டிய டெஸ்க்டாப்புக்கு இவற்றால் ஆதாயம் ஒன்றுமில்லை. காலையில் ஆன் செய்தால் அடாப்டர் தெரியவில்லை, ரீஸ்டார்ட் செய்தால் வந்துவிடுகிறது என்பது வேறு வியாதி. ஷட் டவுன் கொடுத்தாலும் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் முழுதாக அணைய விடாது, டிரைவரின் பழைய நிலையைச் சேமித்து வைத்துத் திரும்ப ஏற்றும். அதை அணைத்தால் சரி.

அப்போதும் போகவில்லை என்றால் ஊகத்தை நிறுத்திவிட்டு அறிக்கை எடுங்கள். கமாண்ட் பிராம்ப்ட்டை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து, முன்பு அடித்த வரியில் இன்டர்ஃபேசஸ் இருந்த இடத்தில் டபிள்யூலேன்ரிப்போர்ட் என்று ஒரே சொல்லாக அடியுங்கள். கடந்த மூன்று நாட்களில் எப்போது இணைந்தது, எப்போது அறுந்தது, ஒவ்வொன்றுக்கும் என்ன காரணம் என்று ஒரு வலைப்பக்கமாகத் தொகுத்துக் கொடுக்கும். காரணத்தில் டிரைவர் துண்டித்தது என்று வந்தால் டிரைவர், மின்சாரம், சிக்னல் பக்கம் பாருங்கள். சாதனமே நீக்கப்பட்டதாக வந்தால் யூஎஸ்பி கேபிளும் போர்ட்டும்தான். சர்வீஸ் ஆட்களில் பலர் இந்த அறிக்கையைப் பார்க்காமலே விண்டோஸைப் புதிதாகப் போட்டுவிடுகிறார்கள்.

போனில் தெரியும் வைஃபை பெயர் டெஸ்க்டாப்பில் தெரியவில்லை என்ற கேள்வி அடிக்கடி வரும். ரவுட்டர் 2.4-ல் 12 அல்லது 13-ஆம் சேனலில் நிற்கும். அமெரிக்கக் கணக்கில் அமைந்த டிரைவர் 11-க்கு மேல் பார்க்காது. ரவுட்டரில் 1, 6, 11 என்ற மூன்றில் ஒன்றை நீங்களே தேர்ந்தெடுங்கள். 5 கிகாஹெர்ட்ஸ் பெயர் தெரியவில்லை என்றால் ரேடாருக்கு வழிவிடும் 52 முதல் 144 வரையான சேனல்களில் அது இருக்கலாம். 36 அல்லது 149-க்கு மாற்றுங்கள். பெயர் தெரிகிறது, பாஸ்வேர்டு சரிதான், ஆனாலும் இணையவில்லை என்றால் பாதுகாப்பு முறையைப் பாருங்கள்: டபிள்யூபிஏ3 மட்டும் என்று வைத்திருந்தால் இந்தத் தலைமுறைச் சிப்கள் முரண்டு பிடிக்கும். டபிள்யூபிஏ2, ஏஇஎஸ் என்று வையுங்கள். அங்கே டிகேஐபி என்று பழைய முறை இருந்தால் இணையும், ஆனால் 54 எம்பிபிஎஸ்ஸுக்கு மேல் ஏறாது. அதற்கு மேற்பட்ட வேகங்களை டிகேஐபியோடு பயன்படுத்தத் தரமே அனுமதிப்பதில்லை.

'கனெக்டட், நோ இன்டர்நெட்' என்று வந்தால் டாங்கிள் தன் வேலையைச் செய்துவிட்டது, கோளாறு அதற்கு அப்பால் இருக்கவே வாய்ப்பு அதிகம். ஐபிகான்ஃபிக் கட்டளையில் முகவரி 169.254 என்று தொடங்கினால் ரவுட்டர் ஐபி கொடுக்கவில்லை. ரவுட்டரை ஒருமுறை அணைத்துப் போடுங்கள். பழைய இணைப்புக்காக யாரோ கையால் அடித்து வைத்த ஐபி அப்படியே இருந்தாலும் நெட் வராது. ஐபி அமைப்பைத் தானியங்கிக்கு மாற்றுங்கள். அதே கட்டளை காட்டும் டீஃபால்ட் கேட்வே எண்ணுக்கு, அதாவது ரவுட்டருக்கு, விடாமல் பிங் (தகவல் போய்த் திரும்பும் நேரத்தை மில்லி செகண்டில் காட்டும் கட்டளை) கொடுத்துப் பாருங்கள். அதிலேயே நேரம் 3, 5, 400 என்று எகிறிக் குதித்தால் கோளாறு வைஃபையில். அது சீராக ஓடியும் தளங்கள் திறக்கவில்லை என்றால் நெட் கம்பெனிக்குப் போன் போடலாம். அதற்கு முன் திரையின் மூலையில் தேதியைப் பாருங்கள். பழைய டெஸ்க்டாப்பில் மதர்போர்டின் சிஆர்2032 பட்டன் பேட்டரி தீர்ந்திருந்தால், கரன்ட் போய் வந்ததும் தேதி பல வருடம் பின்னால் ஓடிவிடும்; பாதுகாப்புச் சான்றிதழ் பொருந்தாமல் எல்லாத் தளமும் மறுக்கும். சில்லறைக் காசு பேட்டரிக்குப் புது டாங்கிள் வாங்கிய வீடுகள் உண்டு.

இதைவிட மலிவாக எடுக்கலாமா? அதே கம்பெனியின் டிஎல்-டபிள்யூஎன்725என் நகத்தளவு நானோ டாங்கிள் ஏறக்குறைய பாதி விலை. 2.4 மட்டும், 150 எம்பிபிஎஸ். பக்கத்து மேசையில் ரவுட்டர் இருக்கும் அலுவலகக் கம்ப்யூட்டருக்கு, டேலி, மெயில் பார்க்கச் சரி. அடுக்குமாடியில் இருபது ரவுட்டர்கள் 2.4-ல் முட்டிக்கொள்ளும் இடத்தில் வேண்டாம். சென்னை ரிச்சி தெருவிலும் ஆன்லைனிலும் குவியும் பெயரில்லா டாங்கிள்களின் கதை தனி. அட்டையில் 900, 1200 என்று போட்டிருக்கும், 802.11என் என்பதில் 11-க்குப் பதில் ஆங்கில எழுத்து 'ஐ' இரண்டை அச்சடித்திருப்பார்கள். உள்ளே பெரும்பாலும் எம்டி7601 போன்ற 150 எம்பிபிஎஸ் சிப்தான். 5 கிகாஹெர்ட்ஸ் பெயரே அதில் தெரியாது.

மேலே போனால் ஆர்ச்சர் டி3யூ பிளஸ். ஒரே நேரத்தில் இரண்டு தரவு ஓடைகள், 5-ல் 867 எம்பிபிஎஸ், யூஎஸ்பி 3.0. 200 முதல் 400 எம்பிபிஎஸ் பிளானுக்குப் பொருத்தம். முன்பு சொன்ன யூஎஸ்பி 3.0 இரைச்சலை இது தானே கிளப்பக்கூடும் என்பதால் 2.4-ல்தான் ஓட்டப்போகிறீர்கள் என்றால் கறுப்பு போர்ட்டிலேயே மாட்டுங்கள். லினக்ஸ்காரர்களுக்கும் இதுவே நல்லது. இதன் ரியல்டெக் 8812பியூ சிப்புக்கு கர்னல் 6.2-லிருந்து டிரைவர் உள்ளேயே இருக்கிறது. டி2யூ பிளஸ்ஸின் சிப்புக்கு அந்தக் காலத்துக் கர்னல்களில் கிடையாது. கர்னல் மாறும்போதெல்லாம் டிரைவரைத் திரும்பக் கட்டும் டிகேஎம்எஸ் வழியாகத் தனியே கட்ட வேண்டும், செக்யூர் பூட் ஆனில் இருந்தால் அதற்குக் கையெழுத்துப் போடும் வேலையும் சேரும்.

சிபியு பெட்டியைத் திறக்கத் தயங்காதவர்களுக்கு, மதர்போர்டு ஸ்லாட்டில் செருகும் பிசிஐஇ கார்டு. ஆர்ச்சர் டிஎக்ஸ்3000இ போன்றவை இன்டெல் ஏஎக்ஸ்200 சிப்போடு, வைஃபை 6, ப்ளூடூத் எல்லாம் சேர்த்து வருகின்றன. காந்த அடியுள்ள ஆண்டெனாவைக் கேபிளோடு மேசைக்கு மேலே கொண்டுவரலாம், அதுதான் இதில் எனக்குப் பிடித்தது. வாங்கும் முன் பக்கப் பலகையைக் கழற்றி, கிராபிக்ஸ் கார்டு மூடாத சின்ன ஸ்லாட் ஒன்று மிச்சம் இருக்கிறதா என்று பாருங்கள். கார்டோடு ஒரு மெல்லிய வயர் வரும். அதை மதர்போர்டின் 9 ஊசி யூஎஸ்பி ஹெடரில் செருகாவிட்டால் வைஃபை வரும், ப்ளூடூத் வராது. "கார்டு பாதி வேலை செய்கிறது" என்று திருப்பி அனுப்புபவர்கள் இந்த வயரைக் குப்பையில் போட்டிருப்பார்கள். சிப்பைத் தனியாக வாங்கி அடாப்டரில் மாட்டுபவர்கள் ஏஎக்ஸ்201, ஏஎக்ஸ்211 பக்கம் போகாதீர்கள். பார்க்க அச்சு அசலாக ஒன்றுபோல இருக்கும், ஆனால் பாதி வைஃபை வேலையை இன்டெல் சிப்செட்டிடம் விட்டுவிடும் வகை அவை. சாதாரண பிசிஐஇ அடாப்டரில் உயிர் வராது. ஏஎக்ஸ்200, ஏஎக்ஸ்210 என்று பூஜ்யத்தில் முடிபவைதான் இதற்கு ஆகும்.

ஆன்லைன் கேம் ஆடுபவர்களுக்கு இந்த டாங்கிள்கள் எதையும் சிபாரிசு செய்ய மாட்டேன். வேகம் போதும்; பிங்தான் நிலையாக நிற்காது. கதவு நிலைக்கும் தரைக்கும் நடுவே நுழையும் தட்டை லேன் கேபிள் பத்து மீட்டர், பதினைந்து மீட்டர் நீளத்தில் கிடைக்கிறது. அதற்கு வீட்டு ஓனரிடம் கேட்கவும் வேண்டாம்.